எஸ்கேப் பட்டன் செத்துப்போன காலை

எங்கள் ஊர்ப் பட்டுக் கடைக்காரர்கள் இரண்டே இரண்டு பொருளைத்தான் பூட்டி வைப்பார்கள். ஒன்று ஜரிகை, இன்னொன்று டிசைன். ஜரிகை இரும்புப் பீரோவில் இருக்கும். டிசைனும் கிராஃப் பேப்பர் சுருளாக அதே பீரோவில்தான் கிடந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியதும் டிசைன் அதற்குள் குடிபோனது. குடிபோன வீட்டுக்குப் பூட்டு வேண்டாமா? அந்தப் பூட்டுக்குப் பாஸ்வேர்டு என்று பெயர் என யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று பிடித்தது எனக்குச் சனி.

நான் அந்தக் கடையில் டிசைன் போடுகிறவள். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வருவேன். மயில், அன்னம், ருத்ராட்சம், மாங்காய் என்று முதலாளி கேட்பதையெல்லாம் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டையைத் தறிக்கு மேலே மாட்டினால் அது சொல்கிறபடி இழை ஏறி இறங்கும். நான் ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் முந்தியில் மயிலுக்குக் கண் இருக்காது. கடைக்குப் பின்னால் சாக்கும் அட்டைப்பெட்டியும் போட்டு வைத்திருந்த அறையைத்தான் டிசைன் ரூம் ஆக்கியிருந்தார்கள். அதில் ஏசி உண்டு. எனக்காக இல்லை, கம்ப்யூட்டருக்கு வேர்க்குமாம்.

கம்ப்யூட்டர் வந்த அன்று முதலாளி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். தோளில் இருந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் தலைக்கும் மேலே கூடாரம் போலப் பிடித்துக்கொண்டு, என் காதில் பாஸ்வேர்டை ஓதினார். மந்திர உபதேசம் வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள். ஓதியது என்னவென்று பார்த்தால், அம்மன் பெயர், பின்னால் ஒரு எண். எங்கள் ஊரில் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க ஆளின் நெற்றியைப் பார்த்தால் போதும். நாமம் என்றால் பெருமாள் பெயர், விபூதி என்றால் அம்மன் பெயர். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"உனக்கும் எனக்கும்தாம்மா தெரியும். உன் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியக் கூடாது," என்றார்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். நான் காபியில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்பதையே கேட்டுத் தெரிந்துகொள்ளாத மனிதர். அவரிடம் மறைப்பது கஷ்டமாக இல்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கீபோர்டின் மேல் குனிந்து, அந்த அம்மன் பெயரைச் சிரத்தையாக அடித்துத்தான் உள்ளே போனேன்.

டிசைன் கம்ப்யூட்டர் பக்கமே வரக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்ட ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் முன்பக்கம் இன்னொரு கம்ப்யூட்டரில் பில் போடும் மேனேஜர், ரிட்டயர் ஆகும் வயதைத் தாண்டியும் ஆகாதவர். இன்னொருவர் முதலாளியின் மச்சான், அவர் மனைவிக்குத் தம்பி. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அக்கா புருஷனைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவார். முப்பது தாண்டியும் பெண் அமையவில்லை. கடையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், "எல்லாத்தியும் பாத்துக்கினு இருக்கேன்," என்பார். உண்மைதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்படியே சில வருஷம் போயிற்று. பிறகு ஒரு மயில் வந்து என் குடியைக் கெடுத்தது.

கழுத்தைப் பின்னால் திருப்பித் தன் தோகையைத் தானே கொத்திக்கொள்ளும் மயில். பார்டர் முழுக்க அது ஓடும். வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்டேன். அந்தத் திருப்பத்தைக் கட்டங்களில் கொண்டுவர முடியாமல் இரண்டு முறை அழுதிருக்கிறேன். தறியில் ஏறி முதல் புடவை வெளியே வருவதற்குள், காந்தி ரோட்டில் இருந்த இன்னொரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் என் மயில் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. பச்சைப் புடவையில், நாங்கள் வைக்க நினைத்த அதே அரக்கு பார்டரில்.

முதலாளி என்னை டிசைன் ரூமில் வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? நம்ம மயிலு அங்க போய் இன்னா பண்ணுது?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நானு. நான் விக்கல," என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மீதிக் கழித்தலை என்னையே போட்டுக்கொள்ளச் சொன்னார் போலிருக்கிறது. போகும்போது, "உங்க ஆளுங்க எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்களேம்மா," என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நாங்கள் சமணர்கள். எங்கள் மதத்தையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் கட்டம் நிரப்ப ஆள் இல்லை. அதற்குப் பதில், சாயங்காலம் நான் கிளம்பும்போது என் பையைச் சோதனை போட ஏற்பாடு செய்தார். சேல்ஸ் பெண்களில் ஒருத்தி என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாள். மயில் தயிர்சாதத்துக்குள் ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றியதோ! டிசைனைக் காப்பி எடுத்து வைக்க மேஜையில் கிடந்த பிளாப்பிகளையும் என்னிடமிருந்து வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று மச்சான் பொறுப்பில் கொடுத்தார்கள்.

நானாக நின்றுவிடலாம். நின்றால், 'பார்த்தாயா, மாட்டிக்கொண்டதும் ஓடிவிட்டாள்' என்று ஆகும். வேறு கடைக்குப் போகலாம். எங்கள் ஊரில் டிசைன் திருடி என்று பெயர் வாங்கியவளைச் சேர்த்துக்கொள்கிற கடை ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அது காந்தி ரோட்டுக் கடை. அங்கே போனால் சந்தேகமே இல்லாமல் திருடி ஆகிவிடுவேன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். உடம்பெல்லாம் எரியும். சைக்கிளை மிதித்துக்கொண்டே வீடு வரைக்கும் திட்டுவேன். வேகவதிப் பாலத்தில் எதிரே வந்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது.

முதலாளிக்கும் தூக்கம் போயிருந்தது. சென்னையிலிருந்து ஒரு சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். "பழைய சிஸ்டம் சார் இது. சேஃப்டியே கிடையாது. புதுசு ஏத்திடலாம், ஒரு ஈ நுழையாது," என்றார் இன்ஜினியர். ஈ நுழையாது என்ற சொல் முதலாளிக்குப் பிடித்துப்போய்விட்டது. பஞ்சாங்கம் பார்த்து ஒரு புதன்கிழமை குறித்தார்.

இன்ஜினியர் வந்த பஸ் லேட். வேலை ஆரம்பித்து, கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு என்னத்தையோ காப்பி செய்துகொண்டிருக்கும்போது முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலம் வரப்போவுது. கொஞ்சம் நிறுத்தி வைங்க தம்பி."

"நடுவுல நிறுத்தினா மொத்தமும் போயிடும் சார்."

ராகுவா, மொத்தமுமா என்று முதலாளி சற்று நேரம் எடை போட்டுப் பார்த்தார். பிறகு கற்பூரம் ஏற்றி மானிட்டருக்குச் சுற்றினார். இன்னும் இத்தனை நிமிஷம் என்று திரையில் ஒரு எண் இறங்கிக்கொண்டே வந்தது. கற்பூரம் அணைந்ததும் அது மறுபடி ஏறியது. "இது இன்னா மேல போவுது?" என்று முதலாளி கேட்டார். இன்ஜினியர் முகத்தில் ராகு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

புது பாஸ்வேர்டு கொடு என்று அது கேட்ட இடத்தில் ராகு காலம் முழு உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அம்மன் பெயரைத் தட்ட முதலாளி ஒப்பவில்லை. இன்ஜினியரைச் சாப்பிட அனுப்பினார். ராகு விலகியதும் எங்களை வெளியே தள்ளிவிட்டு அவரே உட்கார்ந்தார். உள்ளேயிருந்து சத்தம் மட்டும் கேட்டது. "அடிச்சதையே திரும்ப அடின்னுது. நம்ம மேல நம்பிக்கை இல்லியா அதுக்கு?"

இப்போது தெரிகிறதா என்று வாசலில் நின்றபடி மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "இனிமே எனக்கு மட்டும்தாம்மா தெரியும். நான் நாளைக்குக் காத்தால திருப்பதி போறேன், வேண்டுதல். வர்ற வரைக்கும் நீ பேப்பர்லயே போட்டுக்கினு இரு," என்றார். இன்ஜினியர் கடைசி பஸ்ஸுக்குக் காத்திராமல் கிடைத்த முதல் பஸ்ஸிலேயே தப்பித்துப் போனார்.

மறுநாள் காலை நான் டிசைன் ரூமுக்குள் நுழைந்தபோது என் நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். கீபோர்டின் இடது மூலையை உரலில் இடிப்பது போல இடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது ஓபனே ஆவ மாட்டேங்குது."

"முதலாளி வந்துதாங்க பாஸ்வேர்டு போடணும்."

"பாஸ்வேர்டு எதுக்கு மேடம்? எஸ்கேப் அடிச்சா போவணும். தெனமும் போவும். இன்னிக்குத்தான் போவ மாட்டேங்குது."

எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னார். பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வரும். எஸ்கேப் பட்டனை அடித்தால் பெட்டி போய்விடும். அப்புறம் எல்லாம் திறந்துகொள்ளும். "நீங்களும் அப்டித்தானே மேடம் போவீங்க?"

அந்த நொடியில் எனக்குக் கொதித்தது. இது தெரிந்திருந்தும், நான் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுவதை இவ்வளவு நாள் வேடிக்கை பார்த்தாரா? வேண்டுமென்றே என்னை மாட்டிவிட்டாரா? முகத்தை உற்றுப் பார்த்தேன். அந்த முகத்துக்குப் பின்னால் அவ்வளவு பெரிய வேலை நடக்க வாய்ப்பே இல்லை. எஸ்கேப்பையும் மயிலையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

அதற்குள் மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் சரியாவலியாப்பா? நேத்து காத்தால நான் பாக்கும்போது நல்லாத்தானே இருந்துது?" என்றார். என்னைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவருமா! காலையில் நான் வருவதற்கு முன், சாயங்காலம் எங்கள் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று நான் வீட்டுக்கு ஓடிய பின், அந்த அறை சத்திரமாக இருந்திருக்கிறது. பூட்டைத் திறந்துகொண்டு போன ஒரே முட்டாள் நான்தான்.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். நோய் இன்னதென்று மச்சான் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். எஸ்கேப் பட்டன் செத்துவிட்டது. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார்கள். பொரி, குங்குமம், ஜரிகைத் துணுக்கு, போன ஆயுத பூஜையின் சந்தனக் கட்டி எல்லாம் கொட்டின. மறுபடி மாட்டி அடித்தார்கள். பெட்டி போவது போலப் போய், திரும்பி வந்து நின்றது. மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினார்கள். சூடாகியிருக்கும் என்று மேனேஜர் ஏசியைக் கூட்டினார். எனக்குக் குளிரில் பல் கிட்டியது. எதிரே இருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து புதுக் கீபோர்டு இரவல் வாங்கி வந்து, அதற்கு ஒரு பொட்டு வைத்து, எஸ்கேப் அடித்தார்கள். அதுவும் செத்திருந்தது. "ஒரே கம்பெனி மாலா இருக்கும்," என்றார் மேனேஜர்.

கடைசியில் மச்சான் சென்னைக்கு போன் போட்டார். நான் கிராஃப் பேப்பரில் குனிந்துகொண்டேன். பென்சில் நகரவில்லை, காது மட்டும் வேலை செய்தது.

"சார், எஸ்கேப் வேலை செய்யல சார்... ஆமா சார், உள்ள போறதுக்குத்தான்... எப்பவும் அதானே சார் அடிப்போம்? வாங்கினதுலேருந்து அதான்..." அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். மச்சான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் திரும்பினார். ஆத்திரத்தில் முகம் சிவந்திருந்தது. "பழசுல அது ஒரு ஓட்டையாம். புதுசுல அடைச்சுட்டாங்களாம். நம்மளை ஒரு வார்த்தை கேக்காம அடைச்சிருக்காங்க பாருங்க!"

"அநியாயம்," என்றார் மேனேஜர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டேன். அங்கேயே எழுந்து நின்று கத்தியிருந்தால் மச்சான் உஷாராகியிருப்பார். முதலாளி வந்ததும், நான் எஸ்கேப்பும் அறியேன், கிஸ்கேப்பும் அறியேன் என்று சொல்லிவிடுவார். சொந்த மச்சான் பேச்சை நம்புவாரா, டிசைன்காரி பேச்சை நம்புவாரா? அதனால், "ஆமாங்க, ரொம்ப அநியாயம். முதலாளி வந்ததும் நீங்களே விளக்கமாச் சொல்லுங்க. எனக்கு இந்த டெக்னிக்கலெல்லாம் புரியாது," என்றேன். டெக்னிக்கல் என்ற சொல்லில் மனிதர் குளிர்ந்துபோனார். அன்று முழுக்க, அவருக்குத் தானாகப் புத்தி வந்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளாத தீர்த்தங்கரர் இல்லை.

மறுநாள் முதலாளி திரும்பி வரும்போது மொட்டைத் தலையில் சந்தனம், கையில் லட்டுப் பை. மச்சான் வாசலுக்கே போய்ப் பிடித்துக்கொண்டார்.

"பாவா, அந்த ஆளு நம்மள ஏமாத்திட்டான் பாவா. புது சிஸ்டம்ல எஸ்கேப்பே இல்ல."

"எஸ்கேப் இல்லாட்டி இன்னாடா?"

"அப்புறம் எப்படி பாவா உள்ள போறது?"

முதலாளி லட்டுப் பையைக் கீழே வைத்தார். விளக்கமாகக் கேட்டார். மச்சான் விளக்கமாகச் சொன்னார். நடுநடுவே, "மேனேஜரைக் கேளுங்க," என்று சாட்சியும் சேர்த்துக்கொண்டார். மேனேஜர், "நான் டிசைனைத் தொடவே இல்லீங்க, கம்ப்யூட்டர்ல சும்மா சீட்டாட்டம்தான்," என்று யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டார்.

முதலாளி நேராகக் கடையின் முன்பக்கம் போனார். அங்கே பில் போடும் கம்ப்யூட்டரில் இன்னும் பழைய சிஸ்டம்தான். கல்யாண ஜவுளி எடுத்த குடும்பம் ஒன்று பில்லுக்குக் காத்திருந்தது. அவர்களைப் பார்க்காமல் அதை அணைத்துப் போட்டார். பெட்டி வந்தது. எஸ்கேப் அடித்தார். திறந்தது. மறுபடி அணைத்துப் போட்டார். எஸ்கேப். திறந்தது. திரும்பவும். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வண்டியில காத்துக்கினு இருக்காங்க சார்," என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் சொல்லிப் பார்த்தார். முதலாளியின் மொட்டை முழுக்க வேர்த்திருந்தது.

திரும்பி வந்து மச்சானிடம் கேட்டார். "உள்ள போய் இன்னாடா பண்ணுவ?"

"ஜாதகம் பாவா. கம்ப்யூட்டர் ஜாதகம். ஒருத்தரு போட்டுக் குடுத்தாரு."

"போட்டு?"

"பொண்ணு வீட்டுக்குக் குடுத்தேன். பிளாப்பியில. பேப்பர்ல குடுத்தா இன்னா மரியாதை பாவா?"

"எந்த வீடு?"

மச்சான் தயங்கினார். பிறகு காந்தி ரோட்டுக் கடையைச் சொன்னார். அந்த முதலாளியின் அண்ணன் மகளாம்.

"அந்த பிளாப்பில வேற இன்னாடா இருந்துது?"

"தெரியல பாவா. மேஜை மேல கிடந்துது. இடம் கொஞ்சம்தான் இருந்துது, ஜாதகம் புடிச்சிக்கிச்சு."

ஜாதகம் பொருந்தவில்லை என்று அந்த வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். மயில் பொருந்திவிட்டது.

அதற்குப் பிறகு முதலாளி தெலுங்கில் பேசியதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. முடிவில் ஓர் உத்தரவு போட்டார். கடையில் இருக்கிற எல்லாக் கீபோர்டிலும் எஸ்கேப் பட்டனைப் பிடுங்கிவிட வேண்டும். மேனேஜர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். பிரவுசிங் சென்டர் கீபோர்டிலும் எடுத்துவிட்டார்கள். அவர்களோடு அது ஒரு தனிச் சண்டை. லட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள், எனக்கும். சாயங்காலம் பையைத் திறக்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான். இத்தனை நாள் ஒருத்தியைத் திருடி என்று வைத்திருந்தோமே என்று அந்தக் கடையில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. லட்டுச் சாப்பிடுகிற வாய்களாயிற்றே.

அடுத்த நாள் காலை முதலாளி டிசைன் ரூமுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கிட்ட வாம்மா. புது பாஸ்வேர்டு சொல்றேன்."

"வேணாங்க."

"இன்னாம்மா, கோவமா?"

"கோவம்தாங்க. இந்தக் கடையில பாஸ்வேர்டு அடிச்சு உள்ள போனவ நான் ஒருத்திதான். அதனாலதான் திருடின்னு பேர் வாங்கினேன். இன்னொரு வாட்டி எனக்குச் சொல்லாதீங்க."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். மன்னிச்சுக்கோ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது என்றுதான் நினைக்கிறேன். வெளியே வந்தது வேறு.

"அப்ப தெனமும் காத்தால நானே வந்து போடணுமே!"

"வந்து போடுங்க," என்றேன்.

வந்தார். நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள் வரைக்கும் கடை திறக்கும் முன் வந்து, நான் வாசலில் நிற்க, அவரே தட்டித் திறந்துவிட்டுப் போனார். ஒரு தடவை காய்ச்சலில் படுத்தபோது கடைக்குப் போன் செய்து, "இன்னிக்கு மட்டும் கேட்டுக்கோம்மா, சொல்றேன்," என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.